அக்கா பேசினால் மட்டும் இனிக்கும் பெட்டிகள்

என் அக்கா வீட்டுக்காரர் சமையலறை அலமாரி பொருத்துகிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் கதவை இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்ப்பார். மரம் என்ன சத்தம் போடுகிறது என்று தெரிய வேண்டும். உள்ளிருந்து யாராவது வந்து திறந்துவிட்டால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

போன மழைக்காலத்தில் அத்தான் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்லவர்தான். ஆனால் ஸ்பீக்கர் விஷயத்தை யாரும் சொல்வதில்லை.

அத்தான் இருந்தபோது அக்காவுக்கு ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. குழந்தைக் கதைகளை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கம்பெனி முதலில் மாதிரிக்கு ஒரு பதிவு கேட்டிருந்தது. தைத்துத் தைத்து முதுகு போயிருந்த அவளுக்கு, உட்கார்ந்த இடத்தில் வாயால் செய்கிற வேலை என்றதும் முகமே மாறிவிட்டது. இத்தனை வருஷம் உங்களோடு பேசினதுக்கு யாரும் ஒன்றும் தரவில்லையே என்று அத்தானிடம் சொன்னாளாம்.

பழைய சாமான் போட்டிருந்த சின்ன அறை ஸ்டுடியோ ஆனது. கீழே பைக் ஒர்க்‌ஷாப். அந்தச் சத்தம் வராமலிருக்க, வீட்டிலிருந்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் அத்தான் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். போர்த்திக்கொள்ள வீட்டில் துண்டுதான் மிச்சம்.

பதிவை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டு வந்தவர், "இதுவும் அலமாரிதானே, கதவுக்குப் பதிலா ஓட்டை" என்றார். வேலையில் மிஞ்சிய பிளைவுட்டில் இரண்டு பெட்டி செய்தார். ஒன்றுக்குப் பச்சை மைக்கா, மற்றதற்கு மரக்கலர், மிஞ்சினது அதுதான். உள்ளே அடைக்க அக்காவின் தலையணையில் பாதிப் பஞ்சு போனது. பக்கத்து வீட்டம்மா வந்து, செருப்பு வைக்கவா என்று விசாரித்தார்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, மெல்லிய கூர்மையான சத்தங்களுக்குச் சின்னது ஒன்று. சின்னது எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதை ஒரு ரெசிஸ்டர் முடிவு செய்யும். அத்தான் அக்காவின் பதிவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அந்த ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் அவள் குரல் என்று எழுந்துவிட்டார். உண்மையிலேயே தேனாக இருந்தது.

கம்பெனிக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு திரும்பி வந்தது. குரல் மந்தமாக இருக்கிறதாம். மறுபடி அனுப்பினோம். அதுவும் வந்தது; இன்னொரு முறை பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஆளைத் தேடிக்கொள்கிறோம் என்ற குறிப்போடு. வயசாகிவிட்டது, குரல் போய்விட்டது என்று அக்கா தானாகவே முடிவுகட்டி, தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தாள்.

அத்தானுக்குக் கம்பெனிமீதுதான் கோபம். அவர்கள் காதில்தான் கோளாறு என்பதற்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முதலில் ரேடியோ செய்தியைப் பெட்டியில் போட்டார். வாசித்தவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பஞ்சரான டயர் மாதிரி சீறினார். பிறகு அக்கா. தேன்.

"கேட்டியா மச்சான்? செய்தி வாசிக்கிறவங்களுக்கே இப்படித்தான் வருது. உங்க அக்காவைப் பாரு."

வேறு ஸ்டேஷன் வைத்தார். சீறல். விளம்பரம், பாட்டு, அதிலும் சீறல். சீறச் சீற அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எண்ணெய்க் கையோடு அக்கா வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, ஊர்ல இருக்கிற எல்லாருக்குமா தொண்டை கெட்டுப்போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் சுவரில் தொங்கிய கம்பளிகளைப் பார்த்தார். குரலிலிருந்த கூர்மையையெல்லாம் கம்பளி குடித்திருக்கிறது. அதை இவர் ஸ்பீக்கர் வழியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இந்த வீட்டுக்குள் மட்டும்.

மறுநாள் பெட்டியைப் பிரித்தார். செய்தி வாசிப்பவர் மனுஷனாகப் பேசும்வரை ரெசிஸ்டரை மாற்றினார். அதன்பிறகு அக்காவின் பதிவைப் போட்டால், மெத்தைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. பழையபடி மாற்றக் கை போனது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அவங்க என்னை இப்படித்தானே கேட்டிருக்காங்க."

பிறகு ஒவ்வொரு கம்பளியாகக் கழற்றினோம். ஒன்றைக் கழற்றியதும் அக்கா கதையில் யானைக்குத் தும்மல் வந்த வரியை வாசிப்பாள், பதிவு செய்து கேட்போம், அடுத்ததைக் கழற்றுவோம். பாதி கழற்றியபோது அவளுடைய குரல் கிடைத்துவிட்டது. கூடவே ஒர்க்‌ஷாப் சுத்தியலும் கேட்டது. அத்தான் கீழே போய்ப் பேசினார். சாப்பாட்டு நேரத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் யானைக்கு என்ன ஆச்சு என்று சொல்லிவிடணும் என்றார்களாம் மெக்கானிக்குகள்.

அப்படி எடுத்து அனுப்பிய பதிவு தேறியது. அக்காவுக்கு வேலை கிடைத்தது.

செய்தி வந்த சாயங்காலம் அத்தான் அக்காவின் பழைய கம்பளிப் பதிவைப் போட்டுவிட்டு, பெட்டிகளின் பின்னால் கைவிட்டு ஏதோ தட்டினார். குரல் மறுபடி பழைய தேனாகிவிட்டது. யாருக்கும் சொல்லாமல், சத்தம் புது ரெசிஸ்டரைத் தாண்டிப் பழையதன் வழியாகப் போகிற மாதிரி பெட்டிக்கொரு சுவிட்ச் வைத்திருக்கிறார்.

"பொய் சொல்ற பெட்டி வேண்டாம்னு தானே பிரிச்சோம்?" என்றாள் அக்கா.

"அது வேலைக்கு. இப்ப வேலை முடிஞ்சிடுச்சுல்ல."

அக்கா இப்போதும் வாசிக்கிறாள். சாப்பாட்டு நேரம் முடிந்து கீழே சுத்தியல் தொடங்கியபிறகும் சில நாள் அந்த அறைக்கதவு சாத்தியே இருக்கிறது; உள்ளே அந்தப் பழைய பதிவு ஓடுகிறது. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை.