கரை வெட்டுமுன் ஒரு குரல்

சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த புயல் நாள் படத்தை அம்சவல்லி அழித்துவிட்டாள் என்று சுப்ராயன் டீக்கடையில் யாரோ சொன்னார்களாம். சொன்னது யார் என்று சுப்ராயனுக்கு ஞாபகமில்லை. அவர் வீட்டில் போய்ச் சொல்ல, வீட்டுக்கார அம்மாள் உப்புப் பாத்தியில் சேறு மிதிக்கிற இடத்தில் சுலோசனாவிடம் சொல்ல, வந்து சேர்ந்தபோது செய்திக்குக் கையும் காலும் முளைத்திருந்தன. “இன்னும் அழிக்கல. இனிமேதான் அழிக்கப் போறா. தம்பியக் காப்பாத்த வேணாமா?” என்று ஆகியிருந்தது. சுலோசனாவுக்கு இரண்டில் எதுவானாலும் ஒன்றுதான். மறுநாள் அவள் சேறு மிதிக்கப் போகவில்லை. உப்பு உற்பத்தியாளர் சங்க அலுவலகத்துக்குப் போய், அம்சவல்லியின் கைகள் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அம்சவல்லி அப்போது ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற அதே வெள்ளை ரப்பர். கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து உள்ளிருந்து உருவிய ஒரு சிறு பலகையின் ஓரத்தில் பித்தளை நிறத்தில் பற்கள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒரே பக்கமாகத் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்த்தாள். மரக்காணத்துக் காற்றில் எந்த உலோகமும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் யோக்கியமாக இருப்பதில்லை. பச்சை படிந்துவிடும். படிந்ததை அவள் ரப்பரால் எடுப்பாள். ‘அழிக்கிறாள்’ என்று டீக்கடையில் சொன்னவன் இதைத்தான் பார்த்தானோ என்று சுலோசனாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அவள் நம்பவில்லை.

திண்டிவனத்தில் டிப்ளமா, சென்னையில் ஒரு கம்பெனியில் ஊரார் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிறகு கல்யாணமாகி மறுபடி ஊர். இப்போது அம்சவல்லிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கோட்டக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டர், வானூரில் ஒரு ரைஸ்மில், குப்பத்து ஐஸ் கம்பெனி, அப்புறம் இந்தச் சங்கம். இவற்றின் கம்ப்யூட்டர்களைப் பார்க்க ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றி வருவாள். ஸ்கூட்டர் சாவியைப் புருஷனிடம்கூடக் கொடுக்க மாட்டாள். இரும்பை ஊரில் கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலிலும் மற்றொன்றைத் தள்ளி வேப்பமரத்தடியிலும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். யார் போன் செய்தாலும் ‘அலோ’வுக்கு முன்னால் அவள் கேட்பது, “பக்கத்துல யாரு?” என்பது. வீட்டைப் பூட்டுமுன், கடைசியாக வெளியே வந்தவள் தான்தான் என்று தெரிந்திருந்தும், உள்ளே பார்த்து, “ஆளு இருக்குதா?” என்று ஒரு குரல் கொடுப்பாள்.

அந்தக் குரல் அவளுடையது அல்ல. உப்பளத்துக்காரர்கள் எல்லோருடையது. ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் திறக்கக் கரையை வெட்டுமுன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “ஆளு இருக்குதா?” என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே நிற்பவன், “வெட்டு” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வெட்ட வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

புயலன்று மாலை யாரோ நடுக்கரையை வெட்டினார்கள். வடக்குப் பாத்திகளில் நெஞ்சளவு ஏறியிருந்த தண்ணீர் தெற்கே பாய்ந்தது. தெற்கே தண்ணீர் இறைக்கிற எஞ்சினைக் கழற்றி மேடேற்றிக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷ் அடித்துக்கொண்டு போய் மதகில் மோதினான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து இன்னும் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் சுலோசனாவின் புருஷன். குரல் எதுவும் கேட்கவில்லை என்கிறான். வடக்கே அன்றைக்குக் கரைமேல் நின்றவன் சிலம்பரசன், அம்சவல்லியின் தம்பி. கரை தானாகத்தான் உடைந்தது, தான் வெட்டவில்லை என்கிறான். மதகுக் கம்பத்தில் மோட்டார் திருட்டைத் தடுக்கச் சங்கம் வைத்த கேமரா ஒன்று உண்டு. அது படமும் பிடிக்கும், சத்தமும் பிடிக்கும். அது பிடித்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு டிஸ்க்கில் வந்து உட்காரும். அந்த டிஸ்க்தான் புயலுக்கப்புறம் ‘டக், டக்’ என்று முனகிக்கொண்டிருக்கிறது.

அதைப் பதனமாகக் கழற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், உள்ளே இருப்பதை வேறொன்றில் எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் பார்க்கக் கழற்றுவதென்று பேச்சு. தெற்குக்கு சுலோசனா. வடக்குக்குச் சங்கத் தலைவர் பலராமன். அவர் பாத்திகளும் வடக்கேதான் என்பதை சுலோசனா மறக்கவில்லை.

பலராமன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அம்சவல்லி பலகையைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, டிஸ்க்கைக் கழற்றத் தோதாக இறக்கச் சொல்லித் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாவாம்?” என்றார் பலராமன்.

“பிஸியாம். உள்ள யாரோ இருக்காங்க.”

“கம்ப்யூட்டருக்குள்ள யாரும்மா இருப்பா? ஒயரப் புடுங்கு. டிவிய நிறுத்துறதில்லியா?”

சுலோசனா தலைவரைப் பார்த்தாள். இவ்வளவு அவசரம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அம்சவல்லியைப் பார்த்தாள். இவள் இவ்வளவு நிதானம் எதற்கு என்றும் தோன்றியது.

ஒயரைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் நிற்கும், டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடக்கிறது, அதோடு போனாலும் போய்விடும் என்று அம்சவல்லி சொன்னாள். தலைவரிடம் சொன்னாலும் முகத்தை சுலோசனா பக்கம் வைத்துத்தான் சொன்னாள். டிஸ்க்கும் ஒரு பாத்தி மாதிரிதான். ஏதாவது ஒரு வேலை அதற்குள் கால் வைத்து நிற்கிற வரைக்கும் இறக்க முடியாது. எல்லா வேலையும் வெளியே வந்தாக வேண்டும்.

“மொதல்ல நாமளே உள்ள நின்னுட்டு, வேற யாருன்னு தேடிட்டிருப்போம்,” என்றாள். “பாதி நேரம் அதுதான்.” தான் நிற்கும் இடத்தைத் திரையில் பார்த்தாள். உள்ளேதான் நின்றிருந்தாள். படம் இருக்கிற அடுக்கைச் சற்று முன்பு பார்க்கப் போனவள் அங்கிருந்து திரும்பவில்லை. தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு இரண்டு எழுத்து அடித்து வெளியே வந்தாள். சுலோசனாவுக்கு அது நாடகம் மாதிரி இருந்தது. சின்னத் தப்பு ஒன்றை ஒப்புக்கொண்டு காட்டுகிறவர்கள் பெரிதாக ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள்.

மறுபடி தட்டினாள். மறுபடி பிஸி. கேமரா படத்தை வாங்கி எழுதுகிற வேலையை நிறுத்தினாள். அது நின்றது. பழைய படங்களை நாள்வாரியாக அடுக்குகிற வேலையை நிறுத்தினாள். அதுவும் நின்றது. ஒவ்வொன்றையும் நிறுத்துமுன் சொன்னாள், நிறுத்திய பிறகும் சொன்னாள். எதையும் அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ‘முடிச்சிக்கினு வா’ என்று முதலில் கேட்பாள், வரும்வரை காத்திருப்பாள். வானூர் ரைஸ்மில்லில் இதற்காகவே அவளுக்கு ‘ஆமை அம்சா’ என்று பெயர்.

மறுபடி தட்டினாள். பிஸி.

“இன்னும் எவன்மா?” என்றார் பலராமன். “பேயா?”

யார் என்று கம்ப்யூட்டரையே கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அம்சவல்லி கேட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. படித்தாள். அவள் கை கீபோர்டுமேல் அப்படியே நின்றது. காலையிலிருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த சுலோசனாவுக்கு அது போதும். நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். இங்கிலீஷ் அவளுக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வரும். எழுத்துக் கூட்டினாள். ஏ, எம், எஸ், ஏ.

“அம்சா,” என்றாள். “உன் பேருதான போட்டிருக்குது?”

“என் பேருதான்க்கா.”

“வெளிய வந்துட்டேன்னு சொன்ன.”

“வந்துட்டேன். இது இங்கேருந்து இல்ல. வெளியேருந்து யாரோ என் பேர்ல நுழைஞ்சிருக்காங்க. போன்ல.”

பலராமன் நடையை நிறுத்தினார். டீக்கடைப் பேச்சு மொத்தமும் இப்போது எழுத்தில் வந்து நிற்கிற மாதிரி சுலோசனாவுக்கு இருந்தது.

“உன் பேர்ல நுழைய யாருக்குத் தெரியும்?” என்றாள்.

“தம்பிக்கு,” என்றாள் அம்சவல்லி. ஸ்கூட்டர் சாவியைப் புருஷனுக்குக் கொடுக்காதவள், செருப்பைக்கூட ஜோடியாக விடாதவள். மழை தொடங்கியபோது தம்பி வந்து கேட்டானாம். ராத்திரியில் எழுந்தெழுந்து போய்த் தண்ணீர் மட்டம் பார்க்க முடியவில்லை, அந்தக் கேமராவை என் போனில் தெரிகிற மாதிரி பண்ணிக் கொடு அக்கா என்று. அவனுக்கென்று தனிப் பெயர் போட்டு, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். மழை அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுக்கிற மாதிரி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அவன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். இதை அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, எவனோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

“அப்ப உள்ள இருக்கிறது சிலம்பு,” என்றார் பலராமன். குரல் தாழ்ந்திருந்தது. “எதப் பாத்துட்டிருக்கான்?”

“புயலன்னிக்குச் சாயங்காலத்துப் படம்.” விரலால் வரியின் ஓரத்தைத் தொட்டாள். “நீங்க கேக்காததையும் சொல்லிர்றேன்க்கா. பாக்கிறதுக்கு மட்டும் தொறந்திருந்தா இங்க ஆர்னு இருக்கும். டபிள்யூன்னு இருக்குது. மாத்தி எழுதுறதுக்குத் தொறந்திருக்கான். இல்ல, அவன் போனு தானா அப்பிடித் தொறந்துச்சா, எனக்குத் தெரியாது.”

சுலோசனா அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள். இவள் சொல்லாமலிருந்தால் அந்த எழுத்தின் பொருள் இந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதனாலேயே இவளை நம்பவும் முடியவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கிறாளா? அல்லது படம் இல்லாமல் போனால் அதற்கு இப்போதே ஒரு காரணம் தயார் செய்கிறாளா?

“தள்ளி வெளிய போடும்மா அவன,” என்றார் பலராமன். “உன்னால முடியாதா? ஒரு பட்டன் தான?”

“முடியும். ஒம்போதுன்னு ஒரு நம்பர் போட்டா அடுத்த நிமிஷம் ஆளே இருக்க மாட்டான். அவன் எழுதிட்டிருந்தா படம் பாதி பழசு பாதி புதுசாக் கெடக்கும். அப்புறம் எவனாலயும் தொறக்க முடியாது.”

“அப்ப விட்டுடு. அவனே முடிச்சிட்டு வரட்டும்.”

“முடிச்சிட்டான்னா?” என்றாள் சுலோசனா. “முடிச்சிட்டா அப்புறம் அதுல இன்னா இருக்கும்?”

டிஸ்க் இரண்டு முறை தொடர்ந்து முனகியது. அம்சவல்லி பையிலிருந்து போனை எடுத்தாள். “தம்பி” என்றிருந்த பெயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை சுலோசனாவுக்கும் பலராமனுக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி தொட்டாள்.

“எடுக்க மாட்டாம்மா,” என்றார் பலராமன். “அக்கா எதுக்குக் கூப்புடுறான்னு தெரியாதவனா அவன்? அவசரத்துக்கு இன்னா பண்ணணுமோ அதப் பண்ணு. நான் பாத்துக்கிறேன்.”

அம்சவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பதில் வராம வெட்டுனா, அன்னிக்கு வெட்டுனவனுக்கும் எனக்கும் இன்னா தலைவரே வித்தியாசம்?”

சுலோசனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தாள். வலது கை கீபோர்டின் ஓரத்தில் இருந்தது, அந்த ஒன்பதுக்கு ஒரு விரல் தூரத்தில். மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்சவல்லி கீபோர்டைத் தன் கைக்கு எட்டாதபடி திரைப்பக்கமாக நகர்த்தினாள். பிறகு ரப்பர்த் துகள் ஒட்டியிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் மேலே திருப்பி, சுலோசனாவின் பக்கமாக, அடித்துக்கொண்டேயிருந்த போனுக்கு இப்புறமும் அப்புறமும் மேசைமேல் வைத்தாள்.