கொலையாளிக்கு ஒரு ஃபிளாஸ்க்

துப்பறியும் நாவலுக்கெல்லாம் நம்மூரில் யார் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எனக்கே முதல் பரிசு என்று தொலைபேசியில் சொன்னபோது, கொடுப்பவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டப வாசலில் பேனரைப் பார்த்துவிட்டு என் கணவர்தான் கத்தினார்.

"ஏய், நம்ம முதலாளி படம்லா!"

என் கணவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அவருடைய முதலாளிதான் பரிசின் புரவலர். என் நாவலின் கொலையாளியும் அவரேதான்.

அவர் யாரையும் கொன்றதாக எனக்குத் தெரியாது. வயிற்றுப்புண்காரர், வெளியில் எதையும் குடிக்கமாட்டார், எங்கே போனாலும் கையில் ஒரு நீல ஃபிளாஸ்க்கும் அதில் வீட்டு வெந்நீரும் இருக்கும் என்று கணவர் சாப்பிடும்போது சொல்வார். அந்த ஃபிளாஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் கதையில் லோரி கம்பெனி முதலாளி அலுவலகத் தேநீரில் விஷம் கலந்து கூட்டாளியைக் கொல்கிறார். தான் மட்டும் ஃபிளாஸ்க் வெந்நீரைக் குடித்துத் தப்பிக்கிறார். நிஜ முதலாளி புத்தகம் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில் நீல நிறத்தைக்கூட மாற்றவில்லை.

படிக்காவிட்டால் என்ன, கேட்பாரே. நம் மேடைகளில் நூலாய்வு என்றால் முழுக் கதையையும் சொல்லிவிடுவது. குடும்ப நாவலுக்கு அது சரி, துப்பறியும் நாவலுக்கும் அதே பூசைதான். ஆய்வாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

"ஐயா, கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அதச் சொல்லாம என்னம்மா ஆய்வு? வந்தவங்கள்ல பாதிப் பேரு புத்தகத்தத் தொறக்கப் போறதில்ல. கதையாச்சும் தெரியட்டுமே."

மேடையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் முதலாளி, மடியில் நீல ஃபிளாஸ்க். அவருக்கு மூன்று வரிசை தள்ளி என் கணவர், பல்லெல்லாம் தெரிய. மனைவி எழுதியதில் ஒரு பக்கம்கூட அவர் படித்ததில்லை. வேலை போனால் இந்த வயதில் யார் அவரை நம்பி இன்னொரு லோரியைக் கொடுப்பார்கள்? தமிழாசிரியர் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மின்சாரம் போகட்டும், மைக் கெட்டுப்போகட்டும் என்று பத்துமலை முருகனிடம் வேண்டினேன். மைக் அன்றைக்குப் பார்த்து அவ்வளவு துல்லியம்.

"யார் கொலையாளி?" ஆசிரியர் விரலை நீட்டினார். "தன் சொந்த ஃபிளாஸ்க்கில் மட்டுமே குடிக்கும் அந்த முதலாளி!"

முன்வரிசையில் நாலைந்து தலைகள் மெதுவாகத் திரும்பின. முதலாளி மடியைப் பார்த்தார். பிறகு சிரித்தார், மண்டபத்திலேயே பெரிய சிரிப்பு. மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இழுத்துச் சரிசெய்கிற சாக்கில் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல கற்பனைமா. வீட்டுக்காரரு ஆபீஸ் கதை வேற என்னென்ன சொல்லுவாரு?"

நான் சிரித்து வைத்தேன். கேடயத்தை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, எந்த நேரத்தில் போன் வருமோ என்று உட்கார்ந்திருந்தேன். வேலை போகவில்லை. மாலையில் சந்தோஷமாக வந்தார்.

"முதலாளி ஆளே மாறிட்டாரு. ஃபிளாஸ்க்க காணோம். என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, அவரே கையால தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு. இனிமே தினமும் வரணுமாம்."

"அவரும் குடிச்சாரா?"

கணவர் யோசித்தார். "கவனிக்கலயே. ஏன்?"

அன்று இரவு எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இந்தக் கதையைக் கட்டியவளே நான்தான், இருந்தும் பயந்தேன். விடிந்ததும் கிள்ளான் கடைத்தெருவில் ஒரு ஃபிளாஸ்க் வாங்கினேன். அடுத்த நாளிலிருந்து அதில் தேநீர் ஊற்றி, இதை மட்டும் குடியுங்கள் என்று கையில் திணித்து அனுப்புகிறேன். என் கொலையாளியைப் போலவே அவரும் தூக்கிக்கொண்டு போகிறார்.

மாலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வரி ஓடுவதில்லை. வந்ததும் முதல் வேலையாக ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்ப்பேன்.

"அவ்ளோ பெரிய மனுசன் ஊத்திக் குடுக்கும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் நேற்று, சட்டையைக் கழற்றிக்கொண்டே. ஃபிளாஸ்க் நான் காலையில் கொடுத்த கனத்திலேயே இருந்தது.