ரிட்டர்ன் லோடு

நாங்கள் சிடி போட்டுப் படம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை தீபாவளிக்கு முந்தியதா பிந்தியதா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. முந்தியது என்கிறார் மாமா. பிந்தியது என்கிறாள் அம்மா. அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் அன்று ஊரில் இல்லை. திண்டுக்கல்லில் எந்த சினிமாக் கொட்டகை எந்த ஆண்டு கல்யாண மண்டபமாக மாறியது என்றெல்லாம் தேடிக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவள் நான். என் சொந்த வீட்டு விஷயத்தில் நாள் தெரியாமல் இருப்பது உறுத்தும் அல்லவா? யோசித்துப் பார்த்ததில் அம்மா சொல்வதே சரி. வாடகை சிடி பிளேயரை அன்று முறுக்கு டப்பாவின் மேல்தான் வைத்திருந்தோம். டப்பாவில் அப்பாவின் பங்கு மட்டும் மிச்சமிருந்தது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டு முறுக்கு டப்பா அந்த நிலைக்கு வர வாய்ப்பே இல்லை.

அப்பா லாரி ஓட்டினார். வேடசந்தூர் மில்களில் நூல் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். கல்கத்தா, சில சமயம் அதையும் தாண்டி கௌஹாத்தி. போகிற சரக்கு நிச்சயம். வருகிற சரக்குதான் சிக்கல். தெற்கே கொண்டுவர ஏதாவது கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திப்போட்டுக் காத்திருக்க வேண்டும். காலி வண்டியை ஓட்டிவந்தால் டீசலுக்கே கட்டாது. அப்படிக் கிடைக்கிற சரக்குக்குத்தான் ரிட்டர்ன் லோடு என்று பெயர். அப்பா எங்கே என்று நான் எப்போது கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "ரிட்டர்ன் லோடு கிடைக்கலையாம் தாயி." பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவர் வராததற்கும் அதுதான் காரணம், எனக்கு அம்மை போட்டபோது வராததற்கும் அதுதான். உலகத்தில் யார் எங்கிருந்து வரத் தாமதமானாலும் அதுவே காரணம் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் எங்கள் டீச்சர் வராதபோது எழுந்து நின்று நான் அதைச் சொல்ல, வகுப்பே சிரித்தது.

மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். நாகல்நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை. கையில் காசு வந்தால் படம், வராவிட்டால் போஸ்டர். அவருடைய கணக்கில் படங்கள் மூன்றே வகை: மர்மப் படம், ராக்கெட் படம், அழுகாச்சிப் படம். மூன்றுக்கும் பொதுவாக இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். பேர் போடுவதிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்திப்போனாலும் உள்ளே நுழையாமல் வாசலில் உட்கார்ந்திருந்து அடுத்த காட்சிக்குப் போவார். இரண்டாவது, பார்த்த படத்தின் கதையை எவரிடமும் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு முன் அம்மாவும் அவரும்தான் கூட்டுச் சேர்ந்து படம் பார்த்தவர்கள். மர்மப் படத்தில் கொலைகாரன் யாரென்று இடைவேளைக்குள் அம்மா சொல்லிவிடுவாளாம். "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று மாமாவுக்குக் கோபம் வரும். "படத்துல எவனும் சும்மா எதையும் செய்யமாட்டாண்டா. முதல்ல குடையைக் காட்டினா பின்னால மழை வரும்" என்பாளாம் அம்மா.

அந்தத் தீபாவளிக்கு வந்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். வரவில்லை. பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பேசுகிறவர், பேசவும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் லாரி ஆபீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று மாமாவிடம் பேசினார். "அங்கிட்டு ஒரே மழை. பாலம் போயிருச்சு. நம்ம பக்கத்து வண்டி ஒண்ணு ஆத்துல போயிருக்குங்கிறாங்க. நம்பரு தெரியலை." கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு இது பெருமையாக இருந்தது. பாலம் இல்லாவிட்டால் என்ன, எங்கள் பக்கத்து வண்டி ஆற்றிலேயே போகிறது.

"ஆத்துல லாரி போகுமா மாமா?" என்று கேட்டேன்.

"போகும். நீ போயி விளையாடு."

அன்றிலிருந்து மாமா கடை விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் டெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள். இதையெல்லாம் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

தீபாவளிக்காக சிடி பிளேயர் வாடகைக்கு எடுத்து, நான் கேட்கிற படத்தைப் போடுவதாக மாமா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். நான் கேட்டது ஒரு ராக்கெட் படம். தமிழில் பேசும் இங்கிலீஷ் படம். எங்கள் பள்ளிக்கு எதிர்ச்சுவரில் அதன் போஸ்டர் பல வாரம் இருந்தது. மாமா அதைக் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்து, சட்டப்படி கதையைச் சொல்லாமல், "பிரமாதம்" என்று மட்டும் சொல்லி என்னைத் தவிக்கவிட்டவர். அவரே அந்த ஞாயிற்றுக்கிழமை சிடி கடையில் வேறு மாதிரி பேசினார்.

"அது வெளிய போயிருக்கு குட்டி. இந்தா பாரு மர்மப் படம். பங்களா, மழை, அஞ்சு கொலை."

"ராக்கெட் படமா? இந்தா இருக்குல்லண்ணே, காலையிலதான் வந்துச்சு" என்றார் கடைக்காரர்.

மாமா அவரைப் பார்த்த பார்வை இன்றும் ஞாபகமிருக்கிறது. "அது கோடு விழுந்த சிடி" என்றார்.

"நம்ம கடையிலயா?" கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது.

மாமா குனிந்து என் காதில் சொன்னார்: "அது ராக்கெட் படம் மாதிரி இருக்கும் குட்டி. ஆனா அழுகாச்சிப் படம்." நான் நம்பவில்லை. ராக்கெட்டில் எதற்கு அழுகிறார்கள்? கடைவாசலிலேயே அழுது காட்டினேன். வாங்கினார்.

படம் இரண்டு சிடி தட்டுகளில் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் தடித்த மையில் 1, 2 என்று எழுதியிருந்தது. நான்காம் வகுப்புக்காரி என்ற பெருமையில் அதை உரக்கப் படித்து நான்தான் மாமாவிடம் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒயர்களை மாட்டிவிட்டு, இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். செம்போடு திரும்புவதற்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வானத்தில் ஒரு கப்பல், உள்ளே தலையில் குடத்தைக் கவிழ்த்தது போல் மூன்று பேர்.

"பேரு போட்டாச்சா மாமா?"

"கடைசியில போடுவான்."

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்தபடி பார்த்தாள். அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. "இம்புட்டு தூரம் போறாங்களே, என்ன லோடு ஏத்திருக்காங்க?"

"லோடெல்லாம் இல்லைக்கா. சும்மா ஆராய்ச்சி."

"வெறும் வண்டியவா ஓட்டிட்டுப் போறாங்க? ஓனருக்குக் கட்டுமாடா?"

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று பேரில் கிளீனர் யார் என்பது. பேசாமல் இருந்தவரைக் கிளீனர் என்று முடிவு செய்தேன். பூமியோடு பேசுகிற கருவி கெட்டுப்போனது. அதைச் சரிபார்க்க ஒருவர் வெளியே போனார். போகுமுன் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே அவருடைய கயிறு அறுந்தது. கண்ணாடிக்குள் முகம்கூடத் தெரியாமல், மெதுவாக, சத்தமே இல்லாமல், சின்னதாகிக்கொண்டே போனார். மற்ற இரண்டு பேரும் அழுதார்கள். கடைசியில் கப்பல் கடலில் விழுந்து, படகில் ஆட்கள் வந்து கதவைத் திறந்து, இரண்டு பேரும் வெயிலில் முகத்தைக் காட்டினார்கள். மாமா படக்கென்று நிறுத்தினார். "அம்புட்டுத்தான் இந்தத் தட்டு."

"மூணாவது ஆளு எங்க?" என்றேன்.

மாமா தட்டை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் உரிக்காத அவரைக்காய் அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயத்தை இவர்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று இருந்தது. "ரிட்டர்ன் லோடு கிடைச்சிருக்காது" என்றேன்.

மாமா அடுத்த தட்டைப் போட்டார். பெரிய எழுத்தில் பேர் ஓட ஆரம்பித்தது. அம்மா நிமிர்ந்தாள். "ஏண்டா, இப்பத்தானடா பேரே போடுறான்?"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடச்சே, தட்டை மாத்திப் போட்டுட்டேன்க்கா."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "பெரிய படம் பாக்குற ஆளு! மோட்டாருக்கும் இப்படித்தான் காயிலைத் திருப்பிச் சுத்துவியாடா?" என்றாள். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டாவதாக ஓடிய முதல் தட்டில் ஒரு வீடு இருந்தது. என்னைவிடச் சின்னதாக ஒரு பெண் குழந்தை இருந்தது. மேசையில் உட்கார்ந்து அதற்கு ஊட்டிவிடுகிற ஓர் அப்பா இருந்தார். கப்பலிலிருந்து இறங்கிய இரண்டு பேரின் முகத்தையும்தான் பார்த்தாகிவிட்டதே. இது அவர்கள் இல்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. "மாமா, மூணாவது ஆளு! வந்துட்டாரு! லோடு கிடைச்சிருச்சு!"

இரண்டு பேரும் என்னைத் திருத்தவில்லை. "ஆமா குட்டி, வந்துட்டாரு" என்றார் மாமா. அந்த அப்பா குழந்தையோடு விளையாடினார், தூங்கினார், பெண்டாட்டியோடு சண்டை போட்டார், சமாதானமானார். எங்கள் அப்பா வீட்டுக்கு வந்தால் என்னென்ன செய்வாரோ அதெல்லாம் செய்தார். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார். அதுவும் சரிதான். ஒருவர் நல்லபடியாக இருக்கிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். கிளம்பும்போது வாசற்கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் அப்பாவும் வண்டியில் ஏறுமுன் கதவை அப்படித்தான் தட்டுவார். அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் அம்மா எழுந்துவிட்டாள்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள்.

ராக்கெட் மேலே போய்ப் புள்ளியாகி, தட்டு முடியும்வரை வெளியே வரவில்லை. எனக்கு வருத்தம் இல்லை. நான் பார்த்ததிலேயே நல்ல முடிவு உள்ள படம் அது.

அப்பாவின் போன் அடுத்த வாரத்தில் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றுபோய், போனும் கரண்டும் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆற்றோடு போனது வேறு யாருடைய வண்டியோ. இன்னொரு வீட்டு வாசலுக்கும் ஒருவர் சைக்கிளில் போயிருப்பார் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவே இல்லை. அப்பா தாடியோடும் தேயிலைப் பெட்டிகளோடும் வந்துசேர்ந்தார். சிக்கு வாடை அடித்த முறுக்கை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு தின்றார். நான் படத்தின் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அது எத்தனை டன் வண்டி?"

"தட்டை மாத்துன மாமன்" என்ற பெயர் மாமாவுக்கு நிலைத்துவிட்டது. அவருடைய கல்யாணப் பந்தியில் அம்மா இதைச் சொன்னாள். புது மாமியிடம், "இவன் எதையாச்சும் தலைகீழாச் செஞ்சா ஆச்சரியப்படாத" என்றாள். ஒவ்வொரு முறையும் மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

வளர்ந்தபின் அந்தப் படம் இணையத்தில் கிடைத்தது. தனியாக உட்கார்ந்து, பேர் போடுவதிலிருந்து பார்த்தேன். மாமா நிறுத்திய இடத்துக்குப் பிறகும் படம் இருந்தது. இரண்டு அதிகாரிகள் அந்த வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். குழந்தை ஓடிவந்து கதவைத் திறக்கிறது. அவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

மாமாவைக் கேட்டேன். "சிடியில எழுதினது அழிஞ்சு போயிருந்துச்சு குட்டி" என்றார். படித்துச் சொன்னவள் நான் என்பதை அவர் மறந்திருந்தார். அம்மாவைக் கேட்டேன், மாமா வேண்டுமென்றே மாற்றினாரா என்று. "அவன் பேரு போடுறதைப் பாக்காட்டி அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக் கிடக்குற ஆளாச்சே" என்று சொல்லிவிட்டு, சாம்பாருக்குப் புளி ஊறவைத்தாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. எங்கள் வீட்டுக்குப் பால்காரர் வருவது பொழுது சாய்ந்த பிறகு. அன்று மதியம் அடுப்பில் வைக்க வீட்டில் பாலே கிடையாது.

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அந்தப் படத்தைப் பெரிய டிவியில் போட்டேன். சரியான வரிசையில். அப்பா வண்டியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ராக்கெட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மனிதர் வாசற்கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்ல டிரைவரு" என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"எனக்கும் ஒரு காப்பி" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கயிறு அறுந்தது. கப்பல் கடலில் விழுந்தது. இரண்டு பேர் வெயிலுக்கு வந்தார்கள். அப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "ஏ மாப்ளை, மூணாவது ஆளு எங்க?"

மாமா வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ரிட்டர்ன் லோடு கிடைக்கலையாம்."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, அதே இடத்தில் படத்தை நிறுத்தினார். அதற்கு மேலும் படம் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.