ஏரி கரீம் அண்ணனின் இரண்டு சைக்கிள்கள்

ஏரி கரீம் போய்ட்டாராம். காலையில் பாகூர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் டைப் செய்கிறாள்.

வாடகை சைக்கிள் கடைக்காரர். தன் கடை சைக்கிளிலேயே ஏரியில் விழுந்தவர் என்று ஊர் வைத்த பெயர் அது. குரூப்பிலும் அதைச் சொல்லிச் சிரித்துத்தான் ஆர்.ஐ.பி. போடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரெஞ்சுக்காரன் காலம், விடுதலைச் சண்டை நேரம். எனக்குப் பன்னிரண்டு வயது. புதுச்சேரியில் செர்த்திபிக்கா என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சை, எட்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் படிப்பு அவ்வளவுதான்... தை மாசம் எனக்குக் கல்யாணம் என்று பெரியப்பா மாப்பிள்ளையே பார்த்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து பஸ் வரவில்லை.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு கரீம் அண்ணன் கடைக்கு ஓடினார். அங்கே இரண்டு சைக்கிள். ஒன்று ஃபிக்ஸ்டு வீல்... சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலைப் பின்னால் அழுத்தினால்தான் நிற்கும். இன்னொன்று புது ஃப்ரீ வீல். மிதிக்காவிட்டாலும் ஓடும், நிறுத்தக் கையில் பிரேக்.

"மாமா, உங்களுக்கு எது பழக்கம்?"

"எல்லாம் வுட்டுருக்கேன்டா. புதுச குடு, நேரமாவுது."

பொய். அப்பா ஃபிக்ஸ்டைத் தவிர எதையும் தொட்டதில்லை. எனக்குத் தெரியும், ஆனாலும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எனக்கும் அவசரம்.

ஏரிக்கரைச் சரிவில் எதிரே கரும்பு வண்டி. அப்பா பழக்கத்தில் காலைப் பின்னால் அழுத்தினார். பெடல் சும்மா சுற்றியது... இன்னும் அழுத்தினார். கையில் பிரேக் இருப்பதே அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

வண்டிக்கு ஒதுங்கி, இரண்டு பேரும் ஏரிச் சேற்றில். முன்சக்கரம் கோணல்.

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னாலேயே ஃபிக்ஸ்டு வீலில் வந்து நின்றார் கரீம் அண்ணன்.

"ஏறும்போதே காலைப் பின்னால அழுத்திப் பாத்தீங்க மாமா. மனசு கேக்கல, வந்துட்டேன். இதுல ஏறுங்க. யம்மா, அழுவாத, நேரம் இருக்குது."

கேட் பாதி மூடியிருந்தது. பாவாடை முழுக்கச் சேறோடு உள்ளே ஓடினேன். பாஸ். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சர் வேலை.

சாயங்காலம் திரும்பினால், கடை வாசலில் கூட்டம். நடுவில் பெரியப்பா. பொட்டைப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அப்பா எங்காவது சறுக்க வேண்டும், அதற்குத்தான் காத்திருந்தார்.

"புது சைக்கிளு இன்னாடா கரீம் இப்புடி ஆச்சு?"

அப்பா முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் வுழுந்தேன், ஏரியில" என்றார் அண்ணன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும்தான்.

வேலை கிடைத்த வருஷம் ஒருமுறை கேட்டேன். "இப்பவாவது சொல்லிடவா அண்ணே?"

"வுடும்மா. மாமா பேரு கெட்டுடும்."

அப்பா இல்லை, பெரியப்பா இல்லை. இனி யாருக்காக மறைக்க?

ஏரியில் விழுந்தது என் அப்பா. கூட நான். குரூப்பில் இருக்கிறவர்கள் திருத்திப் போடுங்கள்.

போய் வாங்க, கரீம் அண்ணே...