டாலிக்கு ஆலம் சுற்றிய கதை

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அந்த நாயைப் பார்த்துக்கொள்கிறவனுக்கோ வேலையும் உண்டு, நிற்க நேரமும் இல்லை. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில், நான் நாய்க்காரனாக இருந்தேன். வீட்டில் நாய் இருக்கும்போதே இன்னொரு நாயைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு திரிகிற அன்பர்களே, இது உங்களுக்காக எழுதியது. உங்களைவிடப் பெரிய முட்டாள் ஒருவன் இருந்தான் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

சீமாட்டி வந்தாள்

பங்களாவில் அப்போது இரண்டு நாய்கள். மேஜர் வேட்டை நாய், கன்றுக்குட்டி உயரம். நெல்லி குட்டை நாய், மேஜர் குரைத்தால் தானும் குரைக்கும். துரைக்குக் கல்யாணமாகித் துரைசாணி வந்தார். கப்பலில் வந்த களைப்புத் தீரக் கொழும்பில் தங்கியிருந்த அவருடைய நாய் டாலி, சில நாள் கழித்து ரயிலில் வந்தது. ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில், மடியில் கூடையை வைத்து நான்தான் கொண்டுவந்தேன். கூடைக்குள் கண் எது, வால் எது என்று தெரியாமல் ஒரே மயிர். வழியெல்லாம் அது என்னைப் பார்த்து உறுமியது.

நாய்க்காரன் ஆவதற்கு முன் நான் மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டியவன். செடியில் விழுந்த வெட்டைவிட என் முழங்காலில் விழுந்தது அதிகம். அதுகூடப் போகட்டும். ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா ஒழுகும். மழைக்காலம் முழுக்க என் சின்ன மகள் இருமிக்கொண்டே கிடப்பாள். நாய்க்காரனுக்கென்று பங்களாவுக்குப் பின்னால் ஒழுகாத அறை ஒன்று கொடுத்தார்கள். அங்கே போனதும் இருமல் நின்றது. அதனால்தான், பங்களா வாசலில் துரை கூடையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் அந்தக் கூரைதான் நினைவுக்கு வந்தது.

"இது தொரைசாணி நாய். மேஜர் கடிச்சா, மேஜர் வேற தோட்டம் போகும். நீ மலைக்குப் போ."

முறையாக ஒரு வரவேற்பு

புதிதாக ஒருத்தி வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வோம்? ஆலம் சுற்றுவோம். வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். நாய்க்கும் அதுவே முறை என்று என் புத்திக்குப் பட்டது. டாலியின் கழுத்தில் சாமந்திப்பூ கட்டினேன். மேஜரையும் நெல்லியையும் சங்கிலியில் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வரிசையாக நிறுத்தினேன். என் பெண்சாதி காளியம்மா எவ்வளவோ வேண்டாம் என்றாள். நான்தான் அவளை விரட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத் தட்டை எடுக்கவைத்தேன்.

தட்டு ஒரு சுற்றுத்தான் சுற்றியிருக்கும். அதைத் தீனித் தட்டு என்று நினைத்து மேஜர் பாய்ந்தது. சங்கிலியோடு நானும் பாய்ந்தேன். தட்டு பறந்தது. டாலியின் வெள்ளை மயிர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆலத் தண்ணீர். சத்தம் கேட்டு ஓடிவந்த துரைசாணி அதைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாய்மேலும் பல் படவில்லை என்று துரைக்குப் புரியவைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது. காளியம்மா நசுங்கின தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தத்த ஊத்தி வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தாங்க."

எலும்பு வைத்தியம்

சேர்ந்து தின்றால் சேர்ந்து வாழும் என்று அடுத்த யோசனை. பசறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் இறைச்சிக்கடை முஸ்லிம் பெரியவரிடம் போய், இருப்பதிலேயே பெரிய தொடை எலும்பாகப் பார்த்து வாங்கினேன். அதை மூன்று நாய்க்கும் நடுவில் வைத்தேன். மேஜர் அதன்மேல் காலை வைத்தது. டாலி மேஜரின் காலைக் கடித்தது. ஆமாம், அந்தக் கைப்பிடி மயிர்தான் கடித்தது. நெல்லி யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் என் பக்கம் வந்து, என் கெண்டைக்காலைப் பிடித்தது.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு எலும்ப மூணு பேருக்கு நடுவுல வச்சா, மனுசரையே சமாதானம் ஆக்க ஏலாதே தம்பி!"

எல்லாருக்கும் ஒரே வாசம்

நாய்க்கு மூக்குத்தான் கண். வாசம் ஒன்றானால் வம்பு தீர்ந்தது. இப்படி நானே கண்டுபிடித்து, என்னை நானே மெச்சிக்கொண்டு, ஒரு போத்தல் வேப்பெண்ணெயை மூன்றுக்கும் தலை முதல் வால் வரை தேய்த்தேன். விட்டதுதான் தாமதம், மேஜர் நெல்லியை மோந்து பார்த்தது. கூடப்பிறந்ததுபோல் இருந்த நெல்லியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. உறுமியது. நெல்லியும் உறுமியது. அதுவரை சண்டை போடாத அந்த இரண்டும் கட்டிப் புரண்டு, துரைசாணியின் ரோஜாப் பாத்தியை உழுதுவிட்டன. டாலி நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

துரை வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, காலையில் நான் மலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமை மேஜரை வேறு தோட்டத்துக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் அழுதேன். மகளை நினைத்து அழுதேன், மேஜரை நினைத்தும் அழுதேன். குசினி வாசலில் நின்ற சமையல்கார அப்பு மட்டும் ஆற அமரச் சொன்னார்:

"முன்னே ஒரு புது நாய் இருந்தது. இப்போ நீ மூணு புது நாய் பண்ணிட்டே."

பெரட்டுக் களத்தில்

காலையில் தப்பு அடித்ததும் கத்தியோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். அங்கேதான் ஆட்களை வரிசையில் நிறுத்தி, அன்றைய வேலைக்குப் பேர் போடுவார்கள். பனியில் தலையைக் குனிந்து நின்றேன். எனக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் மேஜர். அதற்குப் பின்னால் நெல்லி. கொஞ்சம் தள்ளி, மூச்சு வாங்க ஓடிவரும் டாலி. அப்பு கஞ்சி வைக்கக் கதவைத் திறந்திருக்கிறார்; தினமும் கஞ்சி வைக்கிற ஆளைக் காணோம் என்று மூன்றும் தேடிக்கொண்டு வந்துவிட்டன. நான் விரட்டினேன். அவை நகரவில்லை. பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"ஏப்பா முனியாண்டி, ஒனக்கு மட்டும் பேரு போட்டா போதுமா, ஒங்க ஆளுக மூணுக்கும் சேத்துப் போடணுமா?"

கம்பளிக்குள்

மலைக்குப் போகிற பாதை ஒற்றையடிப் பாதை. முன்னால் மேஜர், அடுத்து நெல்லி, கடைசியில் டாலி. உறுமினால் நின்று திரும்பவேண்டும், திரும்ப இடமில்லை. ஓடையில் டாலி இறங்கப் பயந்து கத்தியது. மேஜர் அக்கரையில் நின்று, பிந்தி வருகிறவனைப் பார்க்கிற கங்காணி மாதிரி அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. டாலி நீந்தித்தான் வந்தது. வந்து மேஜரின் காலடியில் உடம்பை உதறியது. மேஜர் காதை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தது.

பிறகு மழை பிடித்தது. நடுங்கின டாலிமேல் என் கம்பளியைப் போட்டேன். நெல்லி அதற்குள் நுழைந்தது. மேஜரும் தலையை மட்டுமாவது நுழைத்துக்கொண்டது. நான் நனைந்தபடி செடி வெட்டினேன், முழங்காலிலும் வெட்டிக்கொண்டேன். அப்போது துரை குதிரையில் தேடிக்கொண்டு வந்தார். கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மேஜரின் கழுத்தில் டாலியின் மூக்கு. துரை கம்பளியை மெதுவாக மூடிவிட்டுச் சொன்னார்:

"மேஜர் போகாது. நீயும் பங்களாவுக்கு வா. தினம் வந்து ஒண்ணும் செய்யாதே. அதுதான் உன் வேலை."

ஒன்றும் செய்யாமல் சம்பளம் வாங்கியவர்கள் ஊவா மாகாணத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அதைத் துரை வாயாலேயே உத்தரவாக வாங்கி, ஒழுகாத கூரைக்குக் கீழே ஒழுங்காக நிறைவேற்றியவன் நான் ஒருவன்தான்.