குடிக்கு ஒரு நாள்

வண்ணக்கர் மாமாவின் வீட்டு வாசலில் வேன் வந்து நின்ற காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உடுப்புப் பை ஏற்றியாகிவிட்டது. மாமா மட்டும் ஏறாமல், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி நின்றார். எங்கள் அம்மன் கோயிலை வண்ணக்கராக இருந்து நெடுங்காலம் நிர்வகித்தவர். மாமி காலமான பிறகு தனி ஆள். பெண் பிள்ளையும் இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்க யாரும் அறியாமல் கிடந்ததைக் கேட்டுத்தான், கொழும்பிலிருந்த ஒரே மகன் அழைத்துப்போக வந்திருந்தார். மகனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மகனின் கொழும்பு மாடிவீட்டுக்குள் மாமா அதிக நாள் தாங்கமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் எங்கள் மாதர் சங்கத் தலைவி அக்கா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

"தம்பி, ஒரு மாசம் தாங்க. கோயில் சடங்குக்குக் குடிக்கு ஒரு நாள் எடுக்கிறமே, அதே மாதிரி மாமாவையும் நாங்க பாக்கிறம். மறுகாவும் அவரை இஞ்ச விட மனம் வராட்டி கூட்டிப் போங்க."

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. சடங்கில் தன் குடியின் நாளை விட்டுக்கொடுப்பதைப் போல மானக்கேடு வேறில்லை. அந்த வீம்பைத்தான் அக்கா நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு குடி இறால் கறி கொண்டுவந்தால் அடுத்த குடி நண்டு. ஒரு குடி கிணற்றடியில் கைப்பிடி போட்டால் அடுத்த குடி வாசற்படியைச் சரிவாக்கியது. மாலையில் பேச்சுத் துணைக்கும் ஆள் குறைவில்லை.

வெள்ளிக்கிழமைதான் வினையாயிற்று. அந்த நாள் தங்களுக்கே என்று இரண்டு குடிகள் முற்றத்தில் மல்லுக்கட்டி, கோபித்துக்கொண்டு சோற்றுச் சட்டிகளோடு திரும்பிப் போய்விட்டன. மத்தியானம் தாண்டியும் மாமாவுக்குச் சாப்பாடில்லை. எங்களைத் தவிர வேறு யாரால் இப்படிச் செய்ய முடியும்! அக்கா இரண்டு பக்கத்தையும் இழுத்து வந்து மாமாவின் முன்னால் நிறுத்தினார். கோயிலில் எத்தனை குடிவழக்கைத் தீர்த்தவர்! விழுந்த பிறகு அன்றுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

"வெள்ளி ரெண்டு குடிக்கும் பொது. ஒரே அடுப்பில சமைங்க புள்ளையள். கெதியாச் சமைங்க, என்ட வயிறு காயுது" என்று தீர்ப்புச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

மாதம் முடிய மகன் மறுபடியும் வேனோடு வந்தார். மாமா பொல்லை ஊன்றி முற்றத்தில் நடந்தபடி, சடங்குக்கு யார் பந்தல் போடுவது என்று நான்கு பேரோடு வாதாடிக்கொண்டிருந்தார். மகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எங்கட அம்மாட குடிக்கு எந்த நாள்?"

"ஞாயிறு. இண்டைக்குத்தான். வேனை அனுப்பிப்போட்டு அடுப்ப மூட்டுங்க."

இன்று எங்கள் ஊரில் தனித்திருக்கும் முதியவர் எல்லாருக்கும் இந்த முறை உண்டு. அதைத் தொடங்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? மகன் கொழும்பிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வந்து அடுப்பு மூட்டத் தவறியதில்லை. போன வருடம் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மகன் ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டு, மாமா தன் வீட்டில் தன் கட்டிலிலேயே கண்மூடினார்.