கடலில் போட்ட கோடும் பதினாலாம் நம்பர் டிரம்மும்

பவித்ரா, கிஷோர், நான் இருக்கும் இந்த பஹ்ரைனில் தினமும் கடல் வடிந்துவிடும். நம் பெசன்ட் நகர் கடல்போல இரைந்துகொண்டே இருக்காது. சத்தமில்லாமல் பின்னால் போய், பார்வைக்கு எட்டிய தூரம் சேறும் பாசியுமாகக் கிடக்கும். அதில் ஆட்கள் கூடையோடு நடந்து போவார்கள். வந்த புதிதில், கடலுக்குள் வரிசையாகக் குச்சி நட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஏதோ கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அது மீன்வேலியாம். ஹத்ரா என்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது உள்ளே வரும் மீன் இறங்கும்போது வெளியே போக வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அடுத்தவர் அதில் கை வைக்க மாட்டார். அடையாறு ஆற்றங்கரையில் சுவர் வைத்து, கூரை போட்டு, உங்களைப் பெற்று வளர்த்த எனக்கு அந்த மண் சொந்தமில்லை. இங்கே தண்ணீருக்குள் குச்சி நட்டவருக்கு அது சொந்தம். இது என் மனசில் ஏறவே ரொம்ப நாள் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த முறை நான் கிளம்பும்போது யாரும் ஏர்போர்ட்டுக்கு வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கிஷோர் லிஃப்ட் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பவித்ரா மட்டும், "இன்னா நைனா, எங்க மேல கோவமா?" என்று கேட்டாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். போனில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இருந்தாலும் எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று தோன்றியது. உங்களைப்போலப் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறவர்கள் யார் படித்தாலும் படிக்கட்டும்.

என் வேலை கிழிந்த காகிதத்துக்குத் துணி ஒட்டுவது. சிந்தாதிரிப்பேட்டை பைண்டிங் கடையில் கற்றுக்கொண்டது, இங்கே பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் ஓர் ஆபீசில் சோறு போடுகிறது. மடித்த இடத்தில் இற்றுப்போன படங்களை நான் ஒட்டிச் சரிசெய்து கொடுத்தால், அடுத்த அறையில் மெஷினில் படம் பிடிப்பார்கள். என் அறைக்குப் பொறுப்பாளர் அபூ ஈசா. என் வயதுதான். அவருக்குக் கொஞ்சம் இந்தி, எனக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒருநாள் ஒரு படத்தில் நீலக் கடலின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. "ரோடா?" என்று கேட்டேன். "கம்பெனி" என்றார். கம்பெனி கடலுக்குள் மதில் சுவர் கட்டியிருக்கிறது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொல்லியும்விட்டேன்.

பிறகு டீ குடிக்கும் நேரங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முன்னெல்லாம் இந்தக் கடலில் கோடே கிடையாது. முத்துக் குளிப்பவர்கள் சிப்பி இருக்கும் இடத்துக்குப் போனார்கள், காற்று திரும்பினால் வீட்டுக்கு வந்தார்கள். எண்ணெய் தேடிக் கம்பெனிகள் வந்தபோதுதான் வம்பு வந்தது. ஷேக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற இடத்தில்தான் கம்பெனி தோண்டலாம். அப்படியானால் ஷேக்கின் இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதுவரை யாருக்கும் தேவைப்படாத கேள்வி அது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரன் சொல்தான் மேலே. கத்தார் கரையை ஒட்டி ஹவார் என்று சில தீவுகள் இருக்கின்றன. கத்தார் ஷேக், என் வாசற்படியில் கிடக்கிறது, என்னுடையது என்றார். பஹ்ரைன் ஷேக், என் ஆட்கள் அங்கே கட்டிய வீட்டைப் பார், மழைத் தண்ணீர் பிடிக்க வெட்டிய தொட்டியைப் பார், மீன்வேலியைப் பார், செத்தவர்களைப் புதைத்த இடத்தைப் பார் என்றார். வெள்ளைக்கார அதிகாரி பஹ்ரைன் பக்கம் எழுதிவிட்டார். அதோடு ஓயவில்லை. வெகு காலம் கழித்து உலக நீதிமன்றம்வரை போய்த்தான் கடைசிக் கோடு விழுந்தது. தீவுகள் இந்தப் பக்கமே நின்றன. தண்ணீர் வடியும்போது மட்டும் தலை காட்டும் ஒரு திட்டு அந்தப் பக்கம் போனது. அபூ ஈசாவின் தாத்தா அங்கே படகைக் கட்டி நிறுத்தப் பெரிய கற்களைப் போட்டு வைத்திருந்தாராம். "கல் இருக்கிறது. நான் போகக் கூடாது" என்றார் அபூ ஈசா. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். போன தடவை நான் லீவு முடிந்து கிளம்பிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வீடே கிளம்பி ஏர்போர்ட் வரும். வேனில் இடம் மிச்சம் இருந்ததால், ஏர்போர்ட்டைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டு யசோதா அக்காவும் ஏறிக்கொண்டார். நான் உள்ளே போன பிறகும் கண்ணாடிக்கு வெளியே நின்று நீங்கள் கையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். அதே நேரத்தில்தான் ஆற்றங்கரையில் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். கரையைக் காலி செய்யும்போது யார் யாருக்கு மாற்று வீடு என்று முடிவு செய்யும் கணக்கு அது. நம் வீடு பூட்டு. யசோதா அக்கா வீட்டுக்காரர் கோபால் அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் எங்கே என்று கேட்டவர்களிடம், படுத்தபடியே, "அவங்களா, துபாய் போய்க்கீறாங்க சார்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு, நம் வீட்டுச் சுவரில் நம்பர் போடாமல் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்கள்.

பட்டியல் ஒட்டியபோது நம் பெயர் இல்லை. நான் கவலைப்படுவேன் என்று உங்கள் அம்மா ஐந்து மாதம் என்னிடம் சொல்லவில்லை. தினமும் மயிலாப்பூரில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, பட்டியல் போட்ட ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறாள். இந்த லீவில் நான் வந்து இறங்கிய மறுநாளே அங்கே போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ரேஷன் கார்டைக் கொடுத்தேன். கார்டு இருக்கு, ஆனா எந்த வீடுன்னு இதுல தெரியலையே என்றார். கரண்ட் மீட்டர் எதிர் வீட்டோடு சேர்ந்தது. கடைசியில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "நீங்கதான் இங்க இல்லையேப்பா" என்றார். உங்களுக்காக நான் பட்ட கஷ்டமெல்லாம் முத்திரை முத்திரையாக அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தேன். எதிரே நம் நீல டிரம். அதில் கோபால் அண்ணன் சிவப்புப் பெயின்டில் எழுதிய 14. தண்ணி லாரி வந்தால் சண்டை வரக் கூடாது என்று நம் சந்தில் வீட்டு வரிசைப்படி ஒவ்வொரு டிரம்முக்கும் நம்பர் போட்டார்களே, அது. ஷேக் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். எனக்குத் தொட்டி ஏது? மறுநாள் காலையில் டிரம்மை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்னா, பவித்ரா நைனாவுக்குக் கிறுக்கு புடிச்சுக்கிச்சா என்று சந்தே பார்த்தது. விஷயம் தெரிந்ததும் யசோதா அக்கா தன் பதிமூன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பதினைந்தாம் வீட்டுப் பெண்ணும் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். கோபால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார்.

ஆபீஸ் வாசலில் மூன்றையும் வரிசையாக நிறுத்தினோம். அதிகாரி எழுந்து வெளியே வந்தார். கோபால் அண்ணன்தான் முதலில் பேசினார். "நான்தான் சார் சொன்னேன். துபாய்ன்னா துபாயா சார்? இவர ஏத்தி வுடப் போய்க்கீறாங்கன்னு அர்த்தம். இவரு இருக்கிற ஊரு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது."

யசோதா அக்கா விடவில்லை. "அதே வண்டில நானும் போனேன் சார். என் பேரு மட்டும் லிஸ்ட்ல கீது. நானும் துபாய் போனவதானே?"

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மூன்று டிரம்மிலும் ஒரே மாதிரி வெளுத்துப்போன பெயின்டை விரலால் தொட்டுப் பார்த்தார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். சொன்னபடியே வந்தார். பதிமூன்றும் பதினைந்தும் அவர் பட்டியலில் இருந்தன. நடுவே ஒரு வீடு நின்றது. பெயர் ஏறியது.

அன்றைக்கு நாம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். எதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பெயர் ஏறியது, அந்த இடத்தை விட்டுப் போவதற்கு. லீவு முடிவதற்குள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடியில் எட்டாவது மாடி வீடு வந்துவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அம்மா மயிலாப்பூர் போக இப்போது இரண்டு பஸ் மாறுகிறாள். கிஷோர் ஜன்னலில் நின்று, ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டான். எனக்குத் திசை தெரியவில்லை. இந்தப் பாலைவனத்து ஊரில் கண்ணை மூடிக்கொண்டே சென்னை எந்தப் பக்கம் என்று காட்டுவேன். அங்கே வந்து நின்றால் எதுவும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அபூ ஈசா வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். வீடு போய்விட்டது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "கடலா?" என்று கேட்டார். நம் ஊரில் கடல் பொங்கியதை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். இல்லை, காகிதம் என்றேன். அவர் எனக்கு ஒரு டீ ஊற்றி வைத்தார்.

பவித்ராக் கண்ணு, கோபம் இல்லை. நான் கிளம்புகிற அன்றைக்கு நம் கதவு திறந்திருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும், இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பயம் என்றுகூட வைத்துக்கொள். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்பதை நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு நான் நேராக ஏர்போர்ட் போகவில்லை. சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆற்றங்கரைக்கு விடச் சொன்னேன். வண்டிக்காரர் அஞ்சு நிமிஷந்தான் சார் என்றார். கரை முழுக்க இடித்த செங்கல். கொக்கு இரண்டு நின்றது. குழாய் இருக்கிற வீட்டுக்கு டிரம் எதற்கு என்று அம்மா விட்டுவிட்டு வந்தாளே, அது பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. நம் வாசல் இருந்த இடத்தை இடிபடாமல் மிச்சமிருந்த யசோதா அக்கா வீட்டுப் படியிலிருந்து காலடி வைத்துக் கண்டுபிடித்தேன். டிரம்மை அங்கே உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தினேன். காற்றில் சாயாமல் இருக்க உள்ளே நாலு கல் போட்டேன். 14 என்ற நம்பர் தண்ணி லாரி வரும் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.